வீட்டு மின்கருவிகளின் வானொலி இரைச்சலும் ஃபெரைட் வளையமும்

வேலூரில் பராமரிப்புப் பணிக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களை, என்னைப் போன்ற ஹாம் வானொலிக்காரர்களும் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) சிற்றலை வானொலி கேட்பவர்களும் ஆவலோடு எதிர்பார்ப்பதுண்டு. மற்ற நாள்களில் சத்துவாச்சாரியின் நெருக்கமான தெருக்களில் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் திறந்தால், அடியிலிருந்து நுனிவரை ஒரே ரீங்காரமாக இருக்கும். மின்நிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களில் அந்த ரீங்காரம் அடங்கிவிடும். பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி நிலையங்கள் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்கும். இரைச்சல் வானத்திலிருந்து வரவில்லை, நம் வீடுகளிலிருந்தும் பக்கத்து வீடுகளிலிருந்தும்தான் வருகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், மோடத்தின் அடாப்டர், பி.எல்.டி.சி. மின்விசிறி (மின்னணுச் சுற்றால் ஓடும் சிக்கன மின்விசிறி), இன்வெர்ட்டர், செட்டாப் பெட்டி ஆகிய எல்லாமே வானொலிக்கு இரைச்சல் தரக்கூடியவை. இவற்றை வீட்டை விட்டு விலக்க முடியாது. விலக்க வேண்டியதும் இல்லை. ஃபெரைட் என்னும் காந்தத்தன்மையுள்ள பீங்கானால் ஆன வளையங்களில் கம்பியைச் சரியாகச் சுற்றிப் பயன்படுத்தினால் இந்த இரைச்சலின் பெரும்பகுதியை அது பிறக்கும் இடத்திலேயே கட்டுப்படுத்தலாம். சிறிய கிளிப் வளையம் ஒன்றை ஏதோ ஒரு கம்பியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதனால் ஒன்றும் பயனில்லை" என்று கைவிட்டவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் கைவிட்டது நல்லதொரு கருவியை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இரைச்சல் எங்கே பிறக்கிறது, எந்தக் கம்பி வழியாக வெளியேறுகிறது, அந்த அலைவரிசைக்கு எந்த வகை ஃபெரைட்டில் எத்தனை சுற்று வேண்டும் என்ற மூன்றும் தெரிந்த பிறகு வளையத்தைக் கையில் எடுத்தால் அது ஏமாற்றாது.

முன்பெல்லாம் வானொலிக்கும் டேப் ரெக்கார்டருக்கும் வாங்கிய எலிமினேட்டருக்குள் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அப்படியே குறைத்துக் கொடுத்த அந்தப் பெட்டிகள் லேசாக உறுமினாலும் வானொலிக்குத் தொல்லை தந்ததில்லை. இன்றைய அடாப்டர்கள் 230 வோல்ட் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை, சிலவற்றில் லட்சம் முறைக்கும் மேல், வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அதனால் அடாப்டர் உள்ளங்கைக்குள் அடங்குகிறது, மின்சாரமும் மிச்சமாகிறது. ஆனால் அப்படிக் கூர்மையாக வெட்டப்படும் மின்னழுத்தம் தன் அடிப்படை அதிர்வெண்ணோடு நின்றுவிடாமல் அதன் மடங்குகளையெல்லாம் எழுப்பிவிடும். 72 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் ஓர் எல்.இ.டி. விளக்கின் பத்தாவது மடங்கு, சென்னை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு இருக்கும் 720 கிலோஹெர்ட்ஸின் மேலேயே சரியாக விழுகிறது. நூறாவது மடங்கு 7.2 மெகாஹெர்ட்ஸில், இந்தியாவில் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையின் மேல் விளிம்பில் போய் நிற்கிறது. கருவி சூடேறச் சூடேற இந்த எண்கள் மெல்ல நகரும். சுட்டெரிக்கும் சித்திரை வெயிலில், பகல் முழுவதும் ஒரே இடத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும் இரைச்சலைக் கேட்டால், அதன் பின்னால் இப்படியொரு மின்சுற்று இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எரிந்துபோன மலிவு விலை 9 வாட் விளக்கு ஒன்றைத் தூக்கி எறிவதற்கு முன் திறந்து பாருங்கள். மேலே உள்ள பால்வெள்ளைக் குமிழை நெம்பினால் கழன்றுவிடும்; அதன் கீழே எல்.இ.டி. சில்லுகள் ஒட்டிய அலுமினியத் தகடு. அதையும் தூக்கினால் கட்டைவிரல் அகலத்தில் பழுப்பு நிற மின்சுற்றுப் பலகை. ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஒரு மின்தேக்கி, எட்டுக்கால் சில்லு ஒன்று, சின்ன உருளைச் சுருள் ஒன்று, அவ்வளவுதான். மின்சாரம் நுழையும் இடத்தில், வடிகட்டிச் சுருளுக்கென்று வட்டம் அச்சிட்டுத் துளையும் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்தின் குறுக்கே வெறும் கம்பித்துண்டு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். வடிவமைத்த பொறியாளருக்கு அந்தச் சுருளின் தேவை தெரிந்திருக்கிறது, உற்பத்திச் செலவைக் குறைக்க யாரோ அதை நீக்கியிருக்கிறார்கள் என்பதை அந்தப் பலகையே காட்டிக்கொடுக்கிறது. விளக்குகள் எவ்வளவு இரைச்சல் எழுப்பலாம் என்பதற்கு சிஸ்பர் 15 என்ற பன்னாட்டு வரையறை உண்டு. 1934இல் தொடங்கப்பட்ட சிஸ்பர் குழுவின் வேலையே வானொலிக் குறுக்கீட்டுக்கு அளவுகோல் வகுப்பதுதான். வடிகட்டியே இல்லாத விளக்கு அந்த அளவுகோலுக்குள் அடங்குவது மிகக் கடினம்.

விளக்குக்குள் பிறந்த இரைச்சல் காற்றில் ஏற ஓர் ஆன்டெனா வேண்டும். வீட்டுச் சுவர்களுக்குள் ஓடும் வயரிங்கே அந்த ஆன்டெனாவாகிவிடுகிறது. ஃபெரைட் செய்யும் வேலை இங்கேதான் புரியவேண்டும். ஒரு கருவிக்குப் போகும் மின்சாரம் ஃபேஸ் வழியாகப் போய் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சம அளவில் ஓடுவதால், இரண்டு கம்பிகளும் சேர்ந்து ஒரு வளையத்துக்குள் நுழைந்தால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஃபெரைட்டைப் பொறுத்தவரை அந்த மின்சாரம் அங்கு இல்லவே இல்லை. இரைச்சலோ பெரும்பாலும் இரண்டு கம்பிகளிலும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் ஓடி, நிலத்தின் வழியாகவும் சுற்றியுள்ள உலோகங்களின் வழியாகவும் தன் பாதையை முடித்துக்கொள்கிறது. இதைக் காமன் மோட் மின்னோட்டம் என்பார்கள். ஃபெரைட் கண்டுகொள்வது இதை மட்டும்தான். மின்விசிறியோ தொலைக்காட்சியோ வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்க, அதே கம்பியில் சவாரி செய்யும் இரைச்சல் மட்டும் தடுக்கப்படுவது இதனால்தான். ஃபேஸ் கம்பியை மட்டும் தனியாக வளையத்துக்குள் விடக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே: தனிக் கம்பியின் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் பெரிதாக இருந்தால் ஃபெரைட் காந்தத்தால் நிரம்பிச் செயலற்றுப்போகும்.

ஃபெரைட் என்பது இரும்பு ஆக்ஸைடோடு மாங்கனீசு, நிக்கல், துத்தநாக ஆக்ஸைடுகளைச் சேர்த்துச் சூளையில் சுட்டெடுத்த பீங்கான் வகை. டோக்கியோவில் கட்டோ, தக்கேய் என்ற இரு அறிஞர்கள் 1930இல் இதை உருவாக்கினார்கள். 1935இல் இதற்காகவே தொடங்கப்பட்டதுதான் பின்னாளில் டேப்புகளால் நமக்கெல்லாம் பழக்கமான டி.டி.கே. நிறுவனம். எந்த உலோக ஆக்ஸைடு எவ்வளவு என்பதைப் பொறுத்து ஃபெரைட்டின் குணம் அடியோடு மாறும். உற்பத்தியாளர் எண்ணிட்டு விற்கும் கலவைகளில் நமக்குத் தேவையானவற்றைப் பார்த்தால், மாங்கனீசு-துத்தநாகத்தால் ஆன 31ஆம் எண் கலவை 1 மெகாஹெர்ட்ஸிலிருந்தே பயன்தரும். சிற்றலைத் தொல்லைக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான். நிக்கல்-துத்தநாகத்தால் ஆன 43ஆம் எண் கலவை 25 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சிறப்பாக வேலை செய்யும். பண்பலை வானொலிக்கும் 144 மெகாஹெர்ட்ஸ் ஹாம் பட்டைக்கும் வரும் தொல்லைக்கு ஏற்றது. இன்னும் மேலே, 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் 61ஆம் எண். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சின்னக் கிளிப் வளையங்கள் பெரும்பாலும் இந்த மேல் அலைவரிசைகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றை மாட்டிவிட்டு 7 மெகாஹெர்ட்ஸில் மாற்றம் தெரியவில்லை என்றால், அது ஃபெரைட்டின் குறையன்று.

இதைவிடவும் பெரிய விஷயம் சுற்றுகளின் எண்ணிக்கை. வளையத்தின் துளை வழியாகக் கம்பி ஒருமுறை நுழைந்து வெளியேறினால் ஒரு சுற்று. தடுப்பாற்றல், சுற்றுகளின் எண்ணிக்கையைப் போல அல்ல, அதன் வர்க்கத்தைப் போல வளரும். ஒரு சுற்றில் 7 மெகாஹெர்ட்ஸில் 30 ஓம் தடுப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து சுற்றில் ஏறத்தாழ 750 ஓம், பத்துச் சுற்றில் 3,000 ஓம். ஒரே கம்பியில் ஐந்து கிளிப்புகளை வரிசையாக மாட்டினாலோ 150 ஓம்தான். ஒரே பெரிய வளையத்தில் பல சுற்று என்பதே சிக்கனமான வழி. சுற்றுகளை எல்லையின்றிக் கூட்டவும் முடியாது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உண்டாகும் மின்தேக்கம், தடுப்பாற்றலின் உச்சத்தைக் கீழ் அலைவரிசைக்கு இழுத்துவிடும். 61 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள 31ஆம் எண் வளையத்தில் 7, 14 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்து முதல் பதினான்கு சுற்று பொருத்தமாக இருக்கிறது. 28 மெகாஹெர்ட்ஸுக்கு அதைவிடக் குறைவாகச் சுற்றவேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நமக்கு வேண்டியது வெறும் தூண்டல் தடுப்பு அன்று, இழப்புத் தடுப்பு. தூண்டல் மட்டும் இருந்தால், அது கம்பியின் மின்தேக்கத்தோடு கூட்டுச்சேர்ந்து ஒத்ததிர்ந்து, சில அலைவரிசைகளில் இரைச்சலைக் கூட்டியும் விடலாம். சரியான கலவையில் இரைச்சலின் ஆற்றல் வெப்பமாக மாறி அழிந்துபோகிறது. அந்த வெப்பம் கைக்குத் தெரியாத அளவு சிறியது. வளையம் சூடாகிவிடுமோ என்ற கவலை இரைச்சல் அடக்கும் வேலையில் தேவையில்லை. நம் ஊர் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. 31ஆம் எண் கலவை தன் காந்தக் குணத்தை இழக்க 130 டிகிரி செல்சியஸைத் தாண்டவேண்டும்.

இனி, தேடுதல். பேட்டரியில் ஓடும் சிறிய வானொலி ஒன்று போதும். இரைச்சல் தெளிவாகக் கேட்கும் ஓரிடத்தில் அதை நிறுத்தி வைத்துவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். வெளியூர்க் கையேடுகள் இந்த இடத்தில் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. நம் வீடுகளில் மெயினை அணைத்த மறுகணமே இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும். அதனோடு இணைந்த விளக்குகளும் மின்விசிறிகளும் மோடமும் தொடர்ந்து ஓடும். போதாததற்கு இன்வெர்ட்டரே புதிதாக ஓர் இரைச்சலைச் சேர்க்கும், அதுவும் சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகுதான் சோதனை தொடங்குகிறது. எல்லாம் அணைந்தும் இரைச்சல் குறையவில்லையானால் அது வெளியிலிருந்து வருகிறது. குறைந்துவிட்டால், எம்.சி.பி.களை (மின்பெட்டியில் ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள காப்புச் சுவிட்சுகளை) ஒவ்வொன்றாகப் போட்டு, எந்த வரிசையில் இரைச்சல் திரும்புகிறதோ அந்த வரிசையிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாகப் பிளக்கிலிருந்து பிடுங்கிப் பார்க்கவேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. ஒற்றைக் கம்பி சுவிட்சு ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் கம்பி இணைப்பிலேயே இருக்கும்.

டிரான்சிஸ்டர் வானொலியை மத்திய அலையில் வைத்தால் அது திசையும் காட்டும். அதனுள்ளே ஆன்டெனாவாக இருப்பதும் ஒரு ஃபெரைட் தண்டுதான். அந்தத் தண்டின் முனை இரைச்சல் வரும் இடத்தை நேராகப் பார்க்கும்போது ஒலி மிகக் குறைந்துவிடும். அலையைப் பிடித்துத் தருவதும் இரைச்சலைத் தடுத்து நிறுத்துவதும் ஒரே குடும்பத்துப் பொருளாக இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. வீட்டுக்குள் கம்பிகள் எங்கும் ஓடுவதால் இந்தத் திசை முழுத் துல்லியமாக இராது. எந்த அறை என்று தெரிந்துகொள்ள அது போதும்.

என் வீட்டில் முதலில் அகப்பட்டது மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர். அதன் மெல்லிய கம்பியை 61 மில்லிமீட்டர் வளையத்தில், ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல், பூத்தொடுப்பது போல அருகருகே வைத்துச் சுற்றினேன். தொடங்கும் முனையும் முடியும் முனையும் ஒன்றையொன்று தொடாமல் வளையத்தில் விரலகல இடைவெளி விடவேண்டும். இல்லையென்றால் இரைச்சல் அந்த இரு முனைகளுக்கிடையிலான மின்தேக்கத்தின் வழியே சுற்றுகளைத் தாண்டிக் குதித்துவிடும். வளையம் அடாப்டரின் பக்கமாக, முடிந்தவரை அதை ஒட்டியே இருக்கவேண்டும். அடாப்டருக்கும் வளையத்துக்கும் இடையே ஒரு மீட்டர் கம்பி தொங்கினால், அந்த ஒரு மீட்டர் இன்னும் ஆன்டெனாதான். மோடத்திலிருந்து கணினிக்குப் போகும் ஈதர்நெட் கம்பியிலும் இதேபோல் ஒன்று போட்டேன். இரைச்சலுக்கு ஒரு வாசலை அடைத்தால் அது அடுத்த வாசலைத் தேடும் என்பதால், ஒரு கருவியிலிருந்து வெளியே போகும் எல்லாக் கம்பிகளையும் கவனிக்கவேண்டியிருக்கிறது.

வானொலி வாங்கியில் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். இரைச்சல் இரண்டு படி இறங்கினால் 12 டெசிபெல். அப்பால் 100 வாட்டில் பேசிக்கொண்டிருக்கும் நண்பர் தன் திறனை ஏறத்தாழ 1,600 வாட்டாக உயர்த்தியதற்கு அது சமம். அவர் எதையும் மாற்றவில்லை; நம் வீட்டில் ஒரு கம்பியை ஒரு வளையத்தில் சுற்றியிருக்கிறோம். எனக்கு இந்த வேலையில் உள்ள நிறைவு முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பி.எல்.டி.சி. மின்விசிறிதான் சற்றுச் சிரமமானது. மாடி வீட்டு அக்காவின் அறையிலிருந்து இரைச்சல் வருவது தெரிந்து போய்க் கேட்டபோது, "இன்னா தம்பி, ஃபேனு துளி சத்தங்கூட போடலியே, அது எப்படி ரேடியோவைக் கெடுக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. வானொலியைக் கையில் கொடுத்து, மின்விசிறியை அணைத்தும் போட்டும் அவரையே கேட்கச் செய்தேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, கூரையை ஒட்டியுள்ள கிண்ணத்தை இறக்கி, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து ஒரு சிறிய வளையத்தில் சுற்றும் வேலையை எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் செய்தார். கிண்ணத்துக்குள் பெரிய வளையம் கொள்ளாது, சுற்றுகளும் அதிகம் ஏறா. முழுவதும் அடங்கவில்லை என்றாலும் 14 மெகாஹெர்ட்ஸில் நன்றாகவே குறைந்தது. சுவர்க் கம்பிகளைத் தொடும் எந்த வேலையையும் தேர்ந்தவரிடமே விடுங்கள். பிளக்குக்கு வெளியே உள்ள கம்பியில் சுற்றுவதை யாரும் செய்யலாம்.

ஃபெரைட்டால் ஆகாதவற்றையும் சொல்லவேண்டும். மத்திய அலையில், அதுவும் 720 கிலோஹெர்ட்ஸ் போன்ற கீழ்ப்பகுதியில், வளையம் மட்டும் போதிய தடுப்பைத் தருவது கடினம். அங்கு மின்தேக்கிகளும் சேர்ந்த வடிகட்டியோ, கருவியையே மாற்றுவதோதான் வழி. தெருவிலுள்ள மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பிலோ அழுக்கேறிய பீங்கானிலோ பொறி பறந்தால், பரந்த அலைவரிசையில் கரகரவென்று ஓர் ஒலி கேட்கும். தூறல் விழும் நாளில் அது மாறும். அதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை; கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்குத் தெரிவிக்கலாம். காட்பாடிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு 25,000 வோல்ட் ரயில் பாதையிலிருந்து அவ்வப்போது வரும் பொறியொலியும், ஜவ்வாது மலைமேல் திரளும் இடிமழையின் வெடிப்பொலியும் இதே வகைதான்.

வளையம் வாங்க சென்னை ரிச்சி தெருவும் பெங்களூரின் எஸ்.பி. சாலையும் இருக்கின்றன, இணைய வழியிலும் கலவை எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டு வாங்கலாம். எண் தெரியாத வளையத்தைக் காசு கொடுத்து வாங்கவேண்டாம். காயலாங்கடையில் கிடைக்கும் பழைய மானிட்டர் கம்பிகளின் நுனியில் உள்ள உருண்டைக்குள் ஃபெரைட் இருக்கும். அது மேல் அலைவரிசைகளுக்குத் துணையாகும். பழைய கணினியின் மின்பெட்டியிலிருந்து கழற்றிய, மஞ்சளும் வெள்ளையும் பூசிய வளையம் மட்டும் வேண்டாம். அது ஃபெரைட்டே அன்று, இரும்புத்தூளால் ஆனது, இந்த வேலைக்கு உதவாது. கிளிப் வளையம் பயன்படுத்தினால் இரு பாதிகளும் முழுவதும் ஒட்டி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். காகிதத் தடிமன் இடைவெளி விழுந்தாலே அதன் ஆற்றலில் பெரும்பகுதி போய்விடும். ஃபெரைட் தரையில் விழுந்தால் உடையும். சரியாகப் பொருந்தும்படி இரண்டாக உடைந்ததை உடனடிப் பசையால் ஒட்டிப் பயன்படுத்தலாம், ஆற்றல் ஓரளவு குறையும்.

எர்த் கம்பியைத் துண்டித்தால் இரைச்சல் குறைகிறது என்று சிலர் சொல்வார்கள், குறைந்தாலும் செய்யக்கூடாது. நம் பகுதியின் பாறை மண்ணில், உப்பும் கரியும் கொட்டி நீர் ஊற்றி எர்த் குழியைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. அது உயிர்க்காவலுக்கான கம்பி. மூன்று கம்பிகளும் உள்ள மின்வடத்தை அப்படியே வளையத்தில் சுற்றினால் எர்த்தும் கூடவே சுற்றப்பட்டு, அதன் வழியாக வெளியேறும் இரைச்சலும் அடங்கும். பாதுகாப்புக்கு எந்தக் குறையும் வராது.

2024இல் தொடங்கிய ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டத்துக்குப் பிறகு, காட்பாடி காந்தி நகரிலும் சத்துவாச்சாரியிலும் மொட்டைமாடிகளில் சூரியத் தகடுகள் கூடிவருகின்றன. மகிழ்ச்சியான மாற்றம்தான், ஆனால் தகடுகளிலிருந்து கீழே உள்ள இன்வெர்ட்டருக்கு வரும் நீண்ட நேர்மின் கம்பிகள், பகல் முழுவதும் ஓர் ஆன்டெனாவாக நிற்கும். கூட்டல் கம்பி ஒரு பக்கமாகவும் கழித்தல் கம்பி வேறு பக்கமாகவும் ஓடி நடுவில் பெரிய வளைவு விழுந்தால் தொல்லை பன்மடங்காகும். பொருத்திய பின் திருத்துவது செலவு, குழாய்களைப் பெயர்க்கவும் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ தகடு பொருத்தப் பேச்சு நடக்கும்போதே, இரு கம்பிகளையும் ஒரே குழாயில் ஒட்டியே கொண்டுவரும்படியும், இன்வெர்ட்டர் அருகில் இரண்டையும் சேர்த்துப் பெரிய வளையத்தில் சில சுற்று சுற்றுமளவுக்குக் கம்பியில் கொஞ்சம் நீளம் விடும்படியும் பொருத்துபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.